2012 மைவி, முன்னால ‘டொக்கு டொக்கு’: எடுக்கலாமா, விட்டுடலாமா? (சுங்கை சிப்புட்)

லிந்தாங்_ரோடு | செவ்வாய், இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க எஸ்டேட்டுல வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணி (ஆபீஸ் கிளார்க்) ஒருத்தர் காடியை, அதாவது காரை, விக்கிறாரு. 2012 பெரோடுவா மைவி, 1.3, ஆட்டோ கியர். மீட்டர்ல 162,000. முதல் கை. 17,500 வெள்ளி (ரிங்கிட்) சொல்றாரு. என் கையில 15,000 இருக்கு, அடுத்த மாசம் கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) எடுத்தா மிச்சத்தைச் சமாளிச்சிடலாம். பேங்க் லோன் வேணாம்னு வீட்டுல முடிவு பண்ணிட்டோம்.

வீட்டுக்காரி பாலர்பள்ளி டீச்சர். லிந்தாங் ரோட்டுல இருந்து உள்ள போகணும், கடைசி 4 கிலோமீட்டர் செம்மண். இவ்வளவு நாளும் மோட்டார்லதான் போனா. போன மாசம் மழையில செம்பனை லோரிக்கு ஒதுங்கப் போய், சறுக்கி விழுந்து முட்டி பேந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்தக் காடிப் பேச்சே.

ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் அமைதி, கியர் நல்லா மாறுது, ஏர்கோன் ஜில்லுன்னு இருக்கு. ஆனா மேடு பள்ளத்துல மெதுவா ஏறி இறங்கினா முன்னால டொக்கு டொக்கு. பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குது. 90-ல ஸ்டேரிங் லேசா கோயாங், ஆடுது. கேட்டதுக்கு, “பழைய காடின்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்லா”ன்னு சிரிக்கிறாரு.

இன்னொரு சங்கடம். அவரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். எங்க அப்பா இறந்தப்போ ஆஸ்பத்திரிக் கணக்குல இருந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கூடவே நின்னவரு. அவர்கிட்ட விலை பேச எனக்கு வாய் வரல. என்ன செய்யட்டும்?

கிரீஸ்கை | செவ்வாய், இரவு 10.15

தம்பி, நான் ஈப்போவுல போமென், காடி மெக்கானிக். 22 வருஷமா இதான் பொழப்பு. நீ எழுதினதுல மூணு வேற வேற சீக்கு இருக்கு. ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதே.

மேட்டுல வர்ற டொக்கு: ஸ்டெபிலைசர் லிங்க் (காடி சாயாமப் பிடிக்கிற கம்பியோட இணைப்பு), லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழ பிடிக்கிற இரும்புக் கையோட ரப்பர்), அப்சோர்பர் மவுண்டிங் (குலுக்கலைத் தாங்குற குழாயை மேல பிடிக்கிற பாகம்), இதுல எதுவா வேணா இருக்கலாம். மூணுமாவும் இருக்கலாம்.

பிரேக்ல இழுக்குறது: இடது லோவர் ஆர்மோட பின் புஷ் கிழிஞ்சிருந்தா, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பின்னால நகரும், காடி அந்தப் பக்கமே திரும்பும். பிரேக் கேலிப்பர் ஒட்டிக்கிட்டாலும் இழுக்கும், ஆகவே அதையும் பார்க்கணும்.

90-ல ஆட்டம்: முக்கால்வாசி நேரம் டயரும் பேலன்சிங்கும்தான்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. பிரேக் போடாம, நேர் ரோட்டுல ஸ்டேரிங்கை லேசா விட்டா காடி எந்தப் பக்கம் போகுது?

ஹாப்கட்_ராஜா | செவ்வாய், இரவு 10.31

எடுத்துடு தம்பி, யோசிக்காதே. மைவிக்குப் பொருள் கிடைக்காத ஊரே இல்ல. மெங்லெம்பு பக்கம் போனா அப்சோர்பர், ஆர்ம் எல்லாம் பழசு சீப்பா அள்ளிட்டு வரலாம். மாமா காடின்னா வரலாறு தெரியும்தானே. வெளியில டீலர்கிட்ட போனா மீட்டரைத் திருப்பி வெச்சிருப்பான், பெயின்ட் அடிச்சு மினுக்கி வெச்சிருப்பான். இங்க அந்தக் கவலை இல்ல.

சிப்புட்காரி | புதன், காலை 6.50

ஷிப்ட் பஸ்ல உக்காந்து எழுதுறேன். ராஜா அண்ணே, “வரலாறு தெரியும்”னு நீங்க சொன்னதே எனக்கு வயித்தைக் கலக்குது. நானும் தெரிஞ்சவங்ககிட்டதான் வாங்கினேன். பார்க்கப் போனப்போ நாலு டயரும் புதுசு. “பாரு புள்ள, உனக்காக டயர்கூட மாத்தி வெச்சிருக்கேன்”னாங்க. நானும் பூரிச்சுப் போயிட்டேன். மூணே மாசம். முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மட்டும் கம்பி தெரியுற அளவுக்குத் தேஞ்சு, கந்தான் பக்கத்துல ஒண்ணு வெடிச்சுச்சு. பின்னாடி கல்லு லோரி. இப்போ நினைச்சாலும் கை நடுங்குது.

தேஞ்ச டயரைக் காட்டியிருந்தா எந்தப் போமெனும் ஒரே பார்வையில சொல்லியிருப்பான். புது டயர் போட்டு மறைச்சுட்டாங்க. தம்பி, டயர்ல கையை விட்டு உள்விளிம்பைத் தடவிப் பாருங்க. வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. முன்னால நல்லா இருந்தா பின் டயரையும் பாருங்க, முன்னதைத் தூக்கிப் பின்னால போட்டிருப்பாங்க. பூட்ல இருக்குற ஸ்பேரையும் விடாதீங்க.

லிந்தாங்_ரோடு | புதன், இரவு 8.05

கிரீஸ்கை அண்ணே, இன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் போடாம விட்டா வலது பக்கம் போகுது. பிரேக் போட்டா இடது பக்கம். எனக்கே ஆச்சரியமா இருக்கு.

கிரீஸ்கை | புதன், இரவு 8.40

எனக்கு ஆச்சரியம் இல்ல, கொஞ்சம் கவலைதான். ஏன்னு சொல்றேன்.

நம்ம ரோடெல்லாம் தண்ணி வடியணும்னு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும். நாம இடது பக்கம் ஓட்டுறோம். அதனால நல்ல காடியே கையை விட்டா மெதுவா இடது ஓரத்துக்குத்தான் சாயும். சரிவை எதிர்த்து வலது பக்கம் ஏறுதுன்னா ஏதோ ஒண்ணு தள்ளுது. புஷ் தேய்மானம் மட்டும் இருந்தா இப்படி வழக்கமா ஆகாது. கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வு, ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கணும். காடி எப்பவும் எந்தச் சக்கரம் மேல்பக்கம் வெளியில சாஞ்சிருக்கோ அந்தப் பக்கம் போகும். அப்படின்னா இடது சக்கரம் மேல்பக்கம் உள்ள சாஞ்சு நிக்குது. சிப்புட்காரி சொன்ன மாதிரி இடது டயர் உள்விளிம்பைத் தடவு, அங்கேதான் தேஞ்சிருக்கும்னு பந்தயம் கட்டுறேன்.

தேய்மானத்துக்கு நான் பயப்பட மாட்டேன். 162,000 ஓடின காடியில புஷ் தேயலைன்னாத்தான் சந்தேகப்படணும். ஆனா இரும்பு வளைஞ்சிருக்குன்னா வேற கதை, அந்தக் காடி எங்கேயோ அடி வாங்கியிருக்கு.

சனிக்கிழமை பகல் வெளிச்சத்துல போ. காசு செலவில்லாம இதெல்லாம் பாரு.

ஸ்டேரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சுட்டு, சக்கரத்துக்குப் பின்னால அப்சோர்பர் குழாயைப் பாரு. லேசா வேர்த்த மாதிரி எண்ணெய்ப் பூச்சு இருந்தா பரவாயில்ல. மண்ணு கட்டியா ஒட்டி ஈரமா வழிஞ்சிருந்தா உள்ள எண்ணெய் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் காடி முன் மூலையை உடம்பு பாரம் போட்டு அழுத்தி விடு. ஒரு தடவை எழும்பி நிக்கணும். மூணு நாலு தடவை ஊஞ்சலாடினா அப்சோர்பர் போச்சு.

ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கு (அடியில ஸ்டாண்டு இல்லாம தலையை உள்ள விடாதே). மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரிஞ்சா பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ. ரெண்டு பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா தெரிஞ்சா டை ராட் எண்டு, இல்ல ரேக் எண்டு, ரெண்டும் ஸ்டேரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற மூட்டு. ரப்பர் உறை கிழிஞ்சிருக்கான்னு பாரு. கிழிஞ்ச உறைக்குள்ள செம்மண் போச்சுன்னா அப்புறம் அது அரைக்கிற கல்லுதான். காடி நின்ன நிலையிலயே ஸ்டேரிங்கைத் திருப்பும்போது ‘ட்டொய்ங்’னு ஸ்பிரிங் துள்ளுற சத்தம் வந்தா மவுண்டிங்.

கடைசியா, அப்சோர்பர் குழாய்க்கும் டயருக்கும் நடுவுல விரலை விட்டுப் பாரு. இடது பக்கம் எத்தனை விரல், வலது பக்கம் எத்தனை விரல். அதை மட்டும் மறக்காம எழுது.

ஹாப்கட்_ராஜா | புதன், இரவு 9.02

பொண்ணுக்கு ஜாதகம் பார்க்குற மாதிரி இருக்கு 😄 17 ஆயிரம் வெள்ளிக் காடிக்கு இவ்வளவு சோதனையா?

சிப்புட்காரி | புதன், இரவு 9.10

17 ஆயிரம் உங்களுக்குச் சின்னக் காசு போல.

லிந்தாங்_ரோடு | சனி, மதியம் 1.30

பார்த்தாச்சு. சட்டையெல்லாம் மண்ணு. மாமா பக்கத்துலயே நின்னு, “என்னடா தம்பி, டாக்டர் மாதிரி பாக்குறே”ன்னு கேட்டாரு. சிரிச்சு மழுப்பிட்டேன்.

இடது முன் டயர் உள்விளிம்புல கோடே இல்ல, வழவழன்னு போத்தாக். வெளிவிளிம்புல நல்லாவே இருக்கு. டயர் பக்கத்துல நாலு எண்ணு 3119-னு இருக்கு.

அப்சோர்பர் இடது ஈரம், வலது காய்ஞ்சிருக்கு. இடது லோவர் ஆர்ம் பின் புஷ்ஷுல சுண்டுவிரல் நகம் போற அளவுக்கு வெடிப்பு. ரப்பர் நடுவுல இருந்து பிரிஞ்சு, இரும்புக் குழாய் ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்கு. பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா வலது டை ராட் எண்டு லேசா ஆடுது.

விரல்: வலது பக்கம் ரெண்டு விரல் தாராளமாப் போகுது. இடது பக்கம் ஒரு விரல், அதுவும் இடுக்கி.

கிரீஸ்கை | சனி, மதியம் 2.20

நினைச்சேன். இடைவெளி குறைஞ்சிருந்தா ஒண்ணு அப்சோர்பர் குழாய் வளைஞ்சிருக்கு, இல்ல அதைப் பிடிச்சிருக்கிற நக்கிள் (சக்கரம் மாட்டுற இரும்பு) வளைஞ்சிருக்கு. சக்கரம் ஏதோ பள்ளத்துல தொப்புன்னு இறங்கியிருக்கணும். சக்கரம் அப்சோர்பரை விட வெளியில நிக்கிறதால, கீழ இருந்து குத்துற அடி மேல்பக்கத்தை உள்ள சாய்க்கும்.

3119-ன்னா 2019-ம் வருஷத்து 31-வது வாரத்துல செஞ்ச டயர். வயசாயிடுச்சு. எப்படியும் மாத்தணும்.

மாமாகிட்ட கேளு, எங்கயாவது விட்டாரான்னு.

செம்மோர்_சாரதி | சனி, மாலை 4.45

ஒரு நிமிஷம். வெள்ளை மைவியா? பின் கண்ணாடியில முருகர் ஸ்டிக்கர், வேல் மட்டும் தனியா இருக்குமே? போன தீபாவளிக்கு முந்தின நாள், மில்லு முச்சந்தியில ஒரு வெள்ளை மைவி லோங்காங்ல (சாக்கடைக் கால்வாய்ல) இடது முன் சக்கரம் முழுசா உள்ள. நான்தான் லோரியில கயிறு போட்டு இழுத்து விட்டேன். ஒரு பையன் ஓட்டினான், கை காலெல்லாம் நடுக்கம். “அப்பாகிட்ட சொல்லாதீங்க அண்ணே”ன்னான். 20 வெள்ளி கொடுத்தான், நான் வாங்கல.

லிந்தாங்_ரோடு | சனி, மாலை 5.02

...

வேல் ஸ்டிக்கர் இருக்கு.

தயவு செஞ்சு கலரு, ஸ்டிக்கர் எல்லாம் இனிமே யாரும் எழுதாதீங்க. இங்க எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க. அப்போ மாமாவுக்கே தெரியாதா?

சிப்புட்காரி | சனி, இரவு 7.30

தெரியாமத்தான் இருக்கும். மகன் அப்பாகிட்ட மறைச்சிருப்பான். அதுல ஒரு நல்லது இருக்கு தம்பி: மாமா உங்களை ஏமாத்தல. அந்த நிம்மதியோட பேசலாம். ஆனா பையனைக் காட்டிக் கொடுத்து விலை குறைக்காதீங்க, அந்தப் பாவம் வேணாம்.

நான் சொல்ற வழி இதுதான். வாயால விலை பேசாதீங்க. நல்ல பட்டறையில என்னென்ன மாத்தணும், எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. அதைக் கொண்டு போய் மாமா முன்னால வெச்சுட்டு, “மாமா, இதுக்கு நீங்களே ஒரு கணக்குச் சொல்லுங்க”ன்னு விட்டுடுங்க. கிராணியா இருந்தவரு, தாளுக்கு மரியாதை கொடுப்பாரு. மாமி வீட்டுல இருக்கிற நேரமாப் போங்க, அது ரொம்ப முக்கியம்.

பால்வெட்டு_தாத்தா | சனி, இரவு 8.15

பேரனின் கைப்பேசியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும். காடி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் “புஷ் வெடிப்பு” என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

நான் 31 ஆண்டு பால் வெட்டினேன். அப்போதெல்லாம் இந்தப் பக்கம் முழுவதும் ரப்பர்தான், செம்பனை பிறகு வந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் (ஆள் எண்ணும் இடத்தில்) பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடுவோம். கோலகங்சாரில் 1877-ல் நட்ட மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

சொல்ல வந்தது இதுதான். பால் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. நாங்கள் பால் பிடிக்கும் மங்கில் மண்ணெண்ணெய் பட்டால் கங்காணியிடம் திட்டு வாங்குவோம். ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, பிறகு பிய்ந்துவிடும். தம்பியின் காடியில் அந்த வெடித்த ரப்பர் மேல் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கிரீஸ்கை | சனி, இரவு 8.50

தாத்தா, கும்பிடுறேன். பட்டறையில பத்துல எட்டுப் பசங்களுக்கு இது தெரியாது. நல்ல புஷ்ஷுல இயற்கை ரப்பர்தான் அதிகம் போடுறாங்க. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் தாங்குறதுல அதுக்கு ஈடு இல்ல. ஆனா இன்ஜின் எண்ணெய் கசிஞ்சு மேல சொட்டினா, நீங்க சொன்ன மாதிரியே ஊதிப் பிஞ்சு போகும். கீச்சுச் சத்தம் வருதுன்னு துரு நீக்குற ஸ்பிரேயைப் புஷ்ஷுல அடிக்கிறவங்களும் இருக்காங்க. சத்தம் ஒரு வாரம் நிக்கும், புஷ் சீக்கிரமே செத்துடும்.

தம்பி, மேல பார்த்து வா: வால்வு கவர் (இன்ஜின் மேல் மூடி), ஆயில் சம்ப் (அடியில எண்ணெய்த் தொட்டி) எங்கயாவது ஈரமா இருக்கா? இருந்தா அதைச் சரி பண்ணாம புது புஷ் போட்டுப் பயன் இல்ல.

இன்னொண்ணு. வாங்குறதுக்கு முன்னாலயே காடியை அலைன்மென்ட் கடைக்குக் கொண்டு போ. “ஒண்ணும் திருப்ப வேணாம், அளந்து தாள் மட்டும் கொடுங்க”ன்னு சொல்லு. கேம்பர் மட்டும் இல்ல, எஸ்ஏஐ-ன்னு, ஸ்டேரிங் திரும்புற அச்சோட சாய்வுக் கணக்கு ஒண்ணு வரும், அதையும் எடுக்கச் சொல்லு. கேம்பர் வித்தியாசமா இருந்து எஸ்ஏஐ ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா, வளைஞ்சது அப்சோர்பரோ நக்கிளோதான். கழட்டி மாத்திடலாம். எஸ்ஏஐ-யும் மாறியிருந்தா, அப்சோர்பர் மேல மாட்டுற பாடியோ அடியில ஆர்ம் மாட்டுற இடமோ நகர்ந்துடுச்சு. அப்போ மாமா சும்மா கொடுத்தாலும் வேணாம்.

பானெட்டைத் திறந்து அப்சோர்பர் கோபுரம் ரெண்டையும் பாரு. பெயின்ட் வெடிப்பு, சீலன்ட் சுருக்கம், இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும். பின் சக்கரக் கணக்கையும் விடாதே. மைவிக்குப் பின்னால ஒரே துண்டு பீம், அது வளைஞ்சா திருப்புறதுக்கு ஸ்குரு கிடையாது.

ஹாப்கட்_ராஜா | ஞாயிறு, காலை 10.10

சரி, நான் விளையாட்டாப் பேசினதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பொருள் விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு. புது ஆர்ம் முழுசா எதுக்கு? பழைய ஆர்ம்ல புஷ் மட்டும் பிரஸ் பண்ணிப் போட்டா பாதிக் காசு. அப்சோர்பர் ஹாப்கட்ல (வெளிநாட்டுல ஓடின காடியை வெட்டிக் கொண்டு வர்ற பழைய சாமான்) எடுக்கலாம். எல்லாம் ஜப்பான்ல ஓடினது, ரோடு அங்க வழவழன்னு இருக்கும்.

கிரீஸ்கை | ஞாயிறு, மதியம் 12.25

ராஜா, இரும்பு சாமான் பழசு வாங்கு, நான் ஒண்ணும் சொல்லல. நக்கிள், பீம், ஹப்பு எல்லாம் நானே எடுக்கிறேன். ஆனா ரப்பரும் எண்ணெயும் உள்ள சாமான் பழசு வாங்குறது அடுத்தவன் பொய்ப்பல்லை எடுத்து மாட்டுற கதைதான். கப்பல்ல வந்து கடை வாசல்ல வெயில்ல எத்தனை வருஷம் கிடந்துச்சோ.

புஷ் மட்டும் பிரஸ் பண்றது நல்ல வேலைதான், பால் ஜாயின்ட் இறுக்கமா இருந்தா. ஆனா ஒரு தப்பை நிறைய பேர் பண்றாங்க. காடியைத் தூக்கி வெச்சு, சக்கரம் தொங்குற நிலையிலயே ஆர்ம் போல்ட்டை முடுக்கிடுவாங்க. கீழ இறக்கினதும் புஷ் ஏற்கனவே முறுக்கிக்கிட்டு நிக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுக்கும், வருஷம் திரும்புறதுக்குள்ள கிழியும். “லோக்கல் சாமான் மட்டம்”னு சொல்லுவாங்க, சாமான் மேல பழி. கடைசி முடுக்கு, காடி பாரம் சக்கரத்து மேல நிக்கும்போதுதான் போடணும். தம்பி, பட்டறையில பக்கத்துல நின்னு இதைப் பாரு. அவன் முறைச்சாலும் பரவாயில்ல.

அப்சோர்பர் எப்பவும் ஜோடியா மாத்து. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் கிழடுன்னா மழையில வளைவுல தெரியும் அது.

லிந்தாங்_ரோடு | புதன், இரவு 9.15

அளந்தாச்சு, 30 வெள்ளி. மாமாகிட்ட “டயர் கடையில ஒரு தடவை காட்டிட்டு வர்றேன்”னு சொல்லி எடுத்துட்டுப் போனேன்.

முன் கேம்பர்: வலது மைனஸ் 0 டிகிரி 15 நிமிஷம். இடது மைனஸ் 1 டிகிரி 45 நிமிஷம். எஸ்ஏஐ ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னாரு. பின் சக்கரம் ரெண்டும் சரி. கோபுரத்துல பெயின்ட் நல்லா இருக்கு. வால்வு கவர்ல கசிவு இருக்கு, தாத்தா சொன்னது சரி, இடது பக்கம் வழிஞ்சு கீழ வரைக்கும் போயிருக்கு.

கிரீஸ்கை | புதன், இரவு 9.40

ஒன்றரை டிகிரி வித்தியாசம். அரை டிகிரி வரைக்கும் கண்ணை மூடிக்கலாம், இது முடியாது. ஆனா பாடி தப்பிச்சது. எழுதி வாங்கு விலைப்பட்டியலை. இந்தக் காடி எடுக்கலாம், விலை மட்டும் சரியா இருக்கணும்.

லிந்தாங்_ரோடு | ஞாயிறு, இரவு 8.30

முடிஞ்சது. எப்படி முடிஞ்சதுன்னு சொல்றேன்.

டவுன்ல ஒரு பட்டறையில எழுதி வாங்கினேன். லோவர் ஆர்ம் ஜோடி 240, முன் அப்சோர்பர் ஜோடி 340, மவுண்டிங் ஜோடி 120, ஸ்டெபிலைசர் லிங்க் ஜோடி 90, டை ராட் எண்டு ஜோடி 80, டயர் ரெண்டு 360, கூலி 200, அலைன்மென்ட் 40. மொத்தம் 1,470 வெள்ளி. வால்வு கவர் கேஸ்கெட் சின்னச் செலவு, அதை நானே பார்த்துக்கலாம்னு எழுதல.

சிப்புட்காரி அக்கா சொன்ன மாதிரியே மாமி இருக்குறப்போ போனேன். தாளை வெச்சேன். மாமா கண்ணாடியைப் போட்டு மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாரு, பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டாரு. நிஜமாவே டிக் போட்டாரு. கூட்டிப் பார்த்தாரு. அப்புறம், “அப்சோர்பர் ஏன் ஒரு பக்கம் மட்டும் வளையணும்?”னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. உள்ள இருந்து மாமி, “பெரியவன் தீபாவளிக்கு லோங்காங்ல இறக்கினானே, அதான்”னு சொல்லிட்டாங்க. மாமிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு!

அஞ்சு நிமிஷம் அந்த வீட்டுல ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் மாமா 16,000-ன்னாரு. மாமி கோப்பியை வெச்சுட்டு, “அவன் பொண்டாட்டி மோட்டார்ல விழுந்தது தெரியாதா உங்களுக்கு”ன்னாங்க. 15,800-ல நின்னுச்சு. நான் ஒரு வார்த்தை பேரம் பேசல.

சிப்புட்காரி | ஞாயிறு, இரவு 8.44

மாமிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்க தம்பி.

பெயர் மாத்துறதுக்கு முன்னால புஸ்பாகோம் மாதிரி காடிப் பரிசோதனை மையத்துக்குப் போகணும், பெயர் மாத்துறதுக்கான பி5 சோதனை. பாஸ் ஆச்சுன்னா அன்னைக்கு ரோட்டுல ஓடத் தகுதி இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். புஷ் இன்னும் எத்தனை மாசம் தாங்கும்னு அங்க யாரும் சொல்ல மாட்டாங்க. பாகங்களை மாத்திட்டுப் போங்க, அடியில ஆட்டம் இருந்தா திருப்பி அனுப்புவாங்க, ரெண்டு தடவை அலையணும். இன்னொண்ணு, மாமாவோட இன்சூரன்ஸ் என்சிடி (கிளைம் எடுக்காம ஓட்டினதுக்குக் கிடைக்கிற கழிவு) காடியோட வராது, அவரோடதான் இருக்கும். உங்க பேர்ல புதுசா ஆரம்பிக்கும், அந்தக் காசையும் எடுத்து வையுங்க. நிறைய பேர் இதை மறந்துட்டு கவுன்டர்ல நின்னு முழிப்பாங்க.

செம்மோர்_சாரதி | ஞாயிறு, இரவு 9.20

அந்தப் பையன் என்னைத் திட்டப் போறான் 😅

லிந்தாங்_ரோடு | இரண்டு வாரம் கழிச்சு, வெள்ளி, இரவு 10.05

கடைசித் தகவல். எல்லாம் மாத்தியாச்சு. பழைய இடது அப்சோர்பரைப் புதுசு பக்கத்துல படுக்க வெச்சோம், நக்கிள் மாட்டுற காதுல இருந்து குழாய் சாஞ்சு நின்னது கண்ணுக்கே தெரிஞ்சது. நக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. கேம்பர் இப்போ ரெண்டு பக்கமும் கால் டிகிரிக்குள்ள. ஆர்ம் போல்ட்டைக் காடி கீழ நின்னப்புறம் முடுக்கச் சொன்னேன். போமென் என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, “யார் சொன்னா?”னு கேட்டாரு. “அண்ணன் ஒருத்தர்”னேன். “சரியான ஆளுதான்”னாரு.

புஸ்பாகோம் ஒரே தடவையில பாஸ். பெயர் மாத்தியாச்சு. வேல் ஸ்டிக்கரை எடுக்கல.

ஆனா அண்ணே, மூணு நாளா செம்மண் ரோட்டுல போகும்போது இன்னும் டொக்கு டொக்கு. பின்னால இருந்து வர்ற மாதிரி இருக்கு. எனக்குத் தூக்கமே போச்சு.

கிரீஸ்கை | வெள்ளி, இரவு 10.20

பின்னால பூட் மூடியைத் திற. கம்பளத்தைத் தூக்கு. ஜாக் அதோட இடத்துல இறுக்கமா இருக்கா?

லிந்தாங்_ரோடு | வெள்ளி, இரவு 10.34

ஜாக்.

ஹாப்கட்_ராஜா | வெள்ளி, இரவு 10.36

😂😂😂

பால்வெட்டு_தாத்தா | சனி, காலை 7.00

மகிழ்ச்சி தம்பி. கழற்றிய அந்த வெடித்த புஷ்ஷை வீசிவிட்டீர்களா? இருந்தால் எனக்கு வேண்டும். ரப்பர் எந்த இடத்தில் பிரிந்திருக்கிறது என்று பார்க்க ஆசை.

லிந்தாங்_ரோடு | சனி, காலை 7.25

வீசல தாத்தா. பழைய ஆர்மோட வாசப்படியில கிடக்கு. நாளைக்குப் பசியாற வீட்டுக்கு வாங்க, காடியில வந்து கூட்டிட்டு வர்றேன்.